விரிய மறுத்த இறக்கை

விமானத்தில் இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இறங்க வேண்டிய ஊர் நெருங்கும்போது காலடியில் எங்கோ ஒரு மோட்டார் முனகத் தொடங்கும். இறக்கையின் பின் விளிம்பு மெல்லப் பின்னோக்கி நகரும்; பிறகு கீழ்நோக்கி வளையும். ஒரே பலகையாகத் தெரிந்தது இரண்டாக, சில விமானங்களில் மூன்றாகப் பிரியும். இடையில் விழும் இடுக்கு வழியே வயலும் சாலையும் தெரியும். முன் விளிம்பும் சும்மா இருப்பதில்லை. அதுவும் முன்னால் நழுவிக் கீழே குனிந்துகொள்ளும். சில நிமிடங்களில், நீங்கள் ஏறி வந்த இறக்கை வேறோர் இறக்கையாகிவிடும்.

பின் விளிம்புப் பலகைகளுக்கு ஃபிளாப் என்று பெயர். முன் விளிம்பில் இருப்பவற்றை இங்கே முன்பலகைகள் என்று அழைப்போம். உலகெங்கும் ஒவ்வொரு விமானப் பயணத்திலும் இவை விரிகின்றன, மடங்குகின்றன. எப்போதாவது ஒரு நாள், ஓடுபாதை எதிரே தெரியும் நேரத்தில், பாதியில் நின்றுவிடுகின்றன. விமானி நெம்புகோலை நகர்த்தியிருப்பார்; பலகை நகர்ந்திருக்காது.

கேட்டதும் வயிற்றைக் கலக்கும் செய்திதான். ஆனால் இப்படி நின்றுபோன விமானங்களில் மிகப் பெரும்பாலானவை ஒரு கீறலும் இல்லாமல் தரையிறங்கிவிடுகின்றன. பயணிகள் அரை மணி தாமதமாக வீடு போய்ச் சேர்கிறார்கள். காரணம் அதிர்ஷ்டம் அல்ல. இந்தக் கருவி என்றாவது பழுதாகும் என்பதை வடிவமைத்தவர்கள் முதல் நாளே ஒப்புக்கொண்டு, பழுதானால் எந்த நிலையில் போய் நிற்க வேண்டும் என்பதையும் அப்போதே தீர்மானித்துவிட்டார்கள். அந்தத் தீர்மானத்தைப் புரிந்துகொள்ள முதலில் இறக்கையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் இறக்கை, இரண்டு வேலை

இறக்கை தரும் தூக்குவிசை முக்கியமாக இரண்டைப் பொறுத்தது: காற்றை எவ்வளவு வேகமாகக் கிழித்துக்கொண்டு போகிறது, எந்த வடிவத்தோடு போகிறது. இதில் வேகத்தின் செல்வாக்கு அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். வேகம் பாதியானால் கால்பங்குதான் மிஞ்சும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும்போது, மெலிந்து தட்டையான இறக்கையே போதும். அதற்கு மேல் அகலமோ வளைவோ இருந்தால் காற்றின் எதிர்ப்பு கூடி எரிபொருள்தான் வீணாகும்.

அந்த வேகத்தில் தரையைத் தொட முடியாது. வேகத்தைக் குறைத்தாலோ தூக்குவிசை விரைவாகச் சரிகிறது. மூக்கை உயர்த்தி, இறக்கையைக் காற்றுக்கு இன்னும் சாய்வாகக் காட்டி ஓரளவு ஈடுசெய்யலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று அதைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போய்விடும். இதை ஸ்டால் என்பார்கள். இறக்கை அங்கேயேதான் இருக்கும்; தாங்கும் வலு மட்டும் சட்டென்று விழுந்துவிடும்.

ஃபிளாப் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. பின்னால் நீண்டு பரப்பைக் கூட்டுகிறது. கீழே வளைந்து குழிவைக் கூட்டுகிறது. முன்பலகை, காற்று பிரிந்து போகும் கோணத்தைத் தள்ளிப்போடுகிறது. இரண்டும் சேர்ந்தால் இறக்கையால் தர முடிந்த உச்சத் தூக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. முழுதாக விரிந்த ஃபிளாப் காற்றை நன்றாகத் தடுக்கவும் செய்யும். இறங்கும்போது அதுவும் உதவிதான்: சரிவில் வரும் விமானம் வேகமெடுக்காமல் பிடித்து நிறுத்தப்படுகிறது.

இந்த வித்தையை மனிதர்கள் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே பறவைகள் செய்துவந்தன. பருந்து ஒன்று மரக்கிளையில் வந்து அமரும்போது கவனியுங்கள். சிறகின் முன் விளிம்பில், நமக்குக் கட்டைவிரல் இருக்கும் இடத்தில், நாலைந்து சிறு இறகுகள் தனியே எழுந்து நிற்கும். வேகமாகப் பறக்கையில் அவை சிறகோடு ஒட்டிக் கிடக்கும். இறங்கும் கணத்தில் மட்டும் தூக்கிக்கொண்டு, முன்னால் ஓர் இடுக்கை உண்டாக்கும். அதுவும் ஒரு முன்பலகைதான்.

மனிதர்களில் இந்த இடுக்கை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் குஸ்டாவ் லாக்மன் என்ற இளம் ஜெர்மானிய விமானி. 1917இல் அவருடைய விமானம் ஸ்டால் ஆகிக் கீழே விழுந்தது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே, இறக்கையில் இடுக்கு விட்டால் என்ன என்று யோசித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் பிரிட்டனில் ஹேண்ட்லி பேஜ் என்ற விமான உற்பத்தியாளர் தன் போக்கில் அதே முடிவுக்கு வந்திருந்தார். பிற்பாடு லாக்மன் அவருடைய நிறுவனத்திலேயே சேர்ந்தார். பின்னால் நகர்ந்து கீழே வளையும் ஃபிளாப்பை 1920களில் உருவாக்கியவர் ஹார்லன் ஃபவுலர் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1937இல் பறக்கத் தொடங்கிய லாக்ஹீட் 14 விமானத்தில் அது இடம்பெற்றது. இன்றைக்கும் பெரும்பாலான பயணிகள் விமானங்களில் விரிவது அந்த ஃபவுலர் வகையின் வழித்தோன்றல்தான்.

இடுக்கு ஏன் உதவுகிறது என்பதற்கு நீண்ட காலம் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது: கீழிருந்து வேகமான காற்று இடுக்கு வழியே பீய்ச்சி அடித்து, மேற்பரப்பில் சோர்ந்துபோன காற்றுக்கு உயிரூட்டுகிறது என்று. 1975இல் டக்ளஸ் நிறுவனத்தின் காற்றியக்க அறிஞர் ஏ. எம். ஓ. ஸ்மித் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அந்த விளக்கம் பிழை என்று காட்டியது. பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று செல்வாக்குச் செலுத்துகின்றன. முன்னால் உள்ள பலகையைச் சுற்றி ஓடும் காற்று, பின்னால் உள்ளதன் மூக்கில் ஏற்படும் கடுமையான அழுத்த வேறுபாட்டைத் தணித்துவிடுகிறது. ஒவ்வொரு பலகையும் தன் மேற்பரப்பில் காற்றுப் படலத்தைப் புதிதாகத் தொடங்கிக்கொள்கிறது. பல ஆண்டுகளாக எல்லோரும் பயன்படுத்திவந்த ஒன்று ஏன் வேலை செய்கிறது என்பது அவ்வளவு தாமதமாகத்தான் தெளிவானது.

தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் இயந்திரம்

இனி இறக்கைக்குள் போவோம். ஃபிளாப்பை நகர்த்தும் மோட்டார் இறக்கையில் இல்லை. விமானத்தின் உடலுக்குள், நடுவில் இருக்கிறது. அது ஹைட்ராலிக் அழுத்தத்தில் சுழலும். அங்கிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் இறக்கை நெடுகிலும் நீண்ட சுழல்தண்டுகள் ஓடுகின்றன. வழியில் ஆங்காங்கே பல்சக்கரப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு பெரிய திருகாணியைச் சுழற்றும். அந்தத் திருகாணிதான் பலகையைத் தள்ளும். இறக்கைக்கு அடியில் படகு வடிவத்தில் தொங்கும் கூடுகளைப் பார்த்திருப்பீர்கள். பலகை ஓடும் தண்டவாளமும் அதைத் தாங்கும் பாகங்களும் அவற்றுக்குள்தான் இருக்கின்றன.

ஒரே மோட்டார், இருபுறமும் ஒரே தண்டு என்ற இந்த ஏற்பாடு இரண்டு இறக்கைகளும் எப்போதும் ஒரே அளவில் விரிய வேண்டும் என்பதற்காகத்தான். காவடித்தண்டில் இரு பக்கமும் குடம் நிறைந்திருந்தாலும் நடக்கலாம், இரண்டும் வெறுமையாக இருந்தாலும் நடக்கலாம். ஒன்று நிறைந்து மற்றது வெறுமையானால்தான் ஆபத்து. இடது ஃபிளாப் விரிந்து வலது விரியாமல் போனால், ஒரு பக்கம் தூக்குவிசை கூடி விமானம் மறுபக்கம் உருளத் தொடங்கும். வேறுபாடு பெரிதானால் விமானியின் கையில் இருக்கும் எந்தக் கட்டுப்பாடும் அதை நிமிர்த்தப் போதாது.

ஆகவே இரு இறக்கைகளிலும் உணரிகள் வைக்கப்பட்டுள்ளன. இடது எங்கே நிற்கிறது, வலது எங்கே நிற்கிறது என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். குறித்த அளவுக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் மோட்டாருக்கு வரும் ஹைட்ராலிக் அழுத்தம் துண்டிக்கப்படும். ஏர்பஸ் விமானங்களில் இறக்கை முனைக்கு அருகே தனி பிரேக்குகளும் உண்டு. அவை சுழல்தண்டை இறுகப் பிடித்துக்கொண்டால், தரையிறங்கிப் பராமரிப்பு ஊழியர்கள் வந்து விடுவிக்கும்வரை விடாது. வானில் அதை விடுவிக்க விமானிக்கு வழியே வைக்கப்படவில்லை. அது மறதியல்ல.

ஃபிளாப் சிக்கிக்கொண்டது என்று நாம் சொல்லும் நிகழ்வுகளில் கணிசமானவை உண்மையில் இதுதான். எங்கோ ஒரு தண்டு முறிந்திருக்கலாம், ஓர் உணரி தவறான அளவைக் காட்டியிருக்கலாம். காரணத்தை ஆராய இயந்திரம் நேரம் செலவிடுவதில்லை. இருந்த இடத்திலேயே இரு பக்கத்தையும் நிறுத்திவிடுகிறது. பாதி விரிந்த இறக்கையோடு இறங்குவது சிரமம். ஒரு பக்கம் மட்டும் விரிந்த இறக்கையோடு இறங்குவது முடியாமலே போகலாம். இரண்டில் சிரமத்தை இயந்திரம் தேர்ந்தெடுக்கிறது.

இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை 1979 மே 25 அன்று சிகாகோ ஓஹேர் விமான நிலையம் பார்த்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 விமானம் மேலெழும் நொடியில் அதன் இடது எஞ்சின் இறக்கையிலிருந்து பிய்ந்து விழுந்தது. போகும்போது ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்துக்கொண்டு போனது. அந்த விமானத்தில் முன்பலகைகளை விரிந்த நிலையில் பிடித்திருந்தது குழாயில் அடைபட்ட திரவத்தின் அழுத்தம் மட்டுமே. இயந்திரப் பூட்டு கிடையாது. திரவம் வெளியேறியதும், எதிர்க்காற்று இடது இறக்கையின் வெளிப்பக்கப் பலகைகளை உள்ளே தள்ளிவிட்டது. வலப்பக்கம் விரிந்தபடியே இருந்தது. எஞ்சின் போனால் எந்த வேகத்தில் ஏற வேண்டும் என்று கற்றுத்தரப்பட்டதோ, அந்த வேகத்துக்கு விமானிகள் ஒழுங்காகக் குறைத்தார்கள். இடது இறக்கையின் ஸ்டால் வேகம் அதற்குள் அந்த எல்லைக்கு மேலே போய்விட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. எச்சரிக்க வேண்டிய கருவிகளும் மின்சாரம் இழந்திருந்தன. விமானம் இடப்பக்கம் உருண்டு விழுந்தது. விமானத்தில் இருந்த 271 பேரும் தரையில் இருவரும் இறந்தார்கள். பறந்த நேரம் 31 விநாடி.

விமானி அறையில்

ஃபிளாப் நெம்புகோல் இரு விமானிகளுக்கும் நடுவே இருக்கிறது. அதன் கைப்பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும்: அது தட்டையாக, ஒரு சின்ன ஃபிளாப் வடிவத்திலேயே இருக்கும். சக்கரங்களை இறக்கும் நெம்புகோலின் முனை சக்கரம்போல உருண்டையாக இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது, நல்லபடியாகத் தரையிறங்கிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சில ஓடுபாதையில் வைத்தே சக்கரத்தை மடக்கி வயிற்றில் சரிந்தன. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் ஆராய்ந்தபோது, ஃபிளாப்புக்கும் சக்கரத்துக்கும் ஒரே மாதிரியான கட்டுப்பாடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கண்டார். களைத்த விமானி ஃபிளாப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கியிருக்கிறார். தவறு விமானியின் கையில் இல்லை, கைப்பிடியில் இருக்கிறது என்றார் சப்பானிஸ். அவர் சொன்ன வடிவ வேறுபாடு பிற்பாடு விதியாகவே எழுதப்பட்டது.

போயிங் 737இல் ஃபிளாப் நிலையைக் காட்டும் முகப்பில் இரண்டு முட்கள் உண்டு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வழக்கமாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி ஒரே முள்போலத் தெரியும். அவை பிரிந்து நின்றாலோ, நெம்புகோல் 30ஆம் நிலையில் இருக்க முட்கள் 15இலேயே நின்றாலோ, விமானிகளின் முதல் வேலை பழுதுபார்ப்பது அல்ல. அந்தத் தரையிறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏறுவதுதான். தரைக்கு அருகில் நேரம் இல்லை. மேலே நேரம் இருக்கிறது.

பிறகு வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் விமானத்தை மட்டும் ஓட்டுவார். மற்றவர் கட்டுப்பாட்டு மையத்திடம் நிலைமையைச் சொல்லி, வட்டமடிக்க இடம் கேட்டு, அவசரநிலைக் கையேட்டைத் திறப்பார். ஃபிளாப் இருபுறமும் ஒரே அளவில் நிற்கிறதா, மாறி நிற்கிறதா என்பதைப் பொறுத்துப் படிக்க வேண்டிய பக்கம் மாறும். ஒரே அளவில் நின்று, கோளாறு ஹைட்ராலிக்கில் மட்டும் என்றால், 737இல் மாற்று மின்மோட்டார் உண்டு. அது மெதுவானது, 15ஆம் நிலைவரை விரிக்கவே ஏறத்தாழ இரண்டு நிமிடம் எடுக்கும். அந்த வழியில் போகும்போது இடவல ஒப்பீட்டுப் பாதுகாப்பு வேலை செய்யாது. எனவே இரு முட்களையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே விரிக்க வேண்டும். இடமும் வலமும் மாறி நின்றால் மாற்று மோட்டாரைத் தொடவே கூடாது.

ஒன்றும் நகரவில்லை என்றால், இருப்பதைக் கொண்டு இறங்க வேண்டியதுதான். ஃபிளாப் எந்த நிலையில் நின்றது என்பதற்கேற்ப எந்த வேகத்தில் வர வேண்டும், எவ்வளவு நீள ஓடுபாதை தேவை என்பதெல்லாம் அட்டவணையாகக் கையேட்டில் இருக்கும். உற்பத்தியாளர் முன்பே கணக்கிட்டு வைத்தவை அவை. ‘மிகத் தாழ்வாக வருகிறாய், ஃபிளாப் விரியவில்லை’ என்று தரை எச்சரிக்கைக் கருவி கத்தாமல் இருக்க ஒரு பொத்தான்கூட உண்டு. கடைசி நொடிகளில் தெரிந்த செய்தியையே திரும்பத் திரும்பக் கேட்டு விமானியின் கவனம் சிதறக் கூடாதல்லவா?

வேகத்துக்குக் கொடுக்கும் விலை

வடிவத்தால் கிடைக்காத தூக்குவிசையை வேகத்தால் வாங்க வேண்டும். 737இல் ஃபிளாப்பே விரியாவிட்டால், முழுதாக விரித்த நிலையில் வரும் வேகத்தைவிட மணிக்கு சுமார் 100 கி.மீ. கூடுதலாக வர வேண்டும். 60 டன் எடையுள்ள விமானம் வழக்கமாக மணிக்கு 250 கி.மீ. அளவில் தரையைத் தொடும் என்றால், இப்போது 350. கேட்பதற்கு நாற்பது சதவீதம்தான் கூடியிருக்கிறது. ஆனால் இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. ஓடுபாதையில் பிரேக்குகள் முதலான நிறுத்துகருவிகள் தின்று தீர்க்க வேண்டிய ஆற்றல் 14 கோடி ஜூலிலிருந்து 28 கோடியாக, அதாவது இரு மடங்காகிவிடுகிறது. தூக்குவிசையைத் தந்து காப்பாற்றிய அதே கணக்கு இங்கே கடனை வசூலிக்கிறது.

டயர்களுக்கும் எல்லை உண்டு. இந்த வகை விமானங்களின் டயருக்கு மணிக்கு சுமார் 360 கி.மீ. வரைக்கும்தான் உறுதி தரப்படுகிறது. வால்பக்கக் காற்று கொஞ்சம் அடித்தாலும் வேகம் அந்த எல்லையை எட்டிவிடும். ஆகவே எதிர்க்காற்று வீசும் திசையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நீளமான ஓடுபாதை உள்ள வேறு ஊருக்குத் திரும்புவதும் உண்டு. சூடேறிய பிரேக்கால் டயர் வெடிக்காமலிருக்கச் சக்கரத்தில் ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது: குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவையால் ஆன சிறு அடைப்பான்கள். சக்கரம் அளவுக்கு மீறிச் சூடானால் அவை உருகிக் காற்றை மெதுவாக வெளியே விட்டுவிடும். டயர் சப்பையாகும், வெடித்துச் சிதறாது. கெடும்போது எப்படிக் கெட வேண்டும் என்று எழுதி வைத்த இன்னொரு இடம் இது.

2001 ஆகஸ்ட் 24 அன்று டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போன ஏர் டிரான்சாட் விமானம், எரிபொருள் கசிந்து தீர்ந்ததால் அட்லாண்டிக் கடலுக்கு மேலே இரண்டு எஞ்சினையும் இழந்தது. அந்த ஏர்பஸ் ஏ330 மிதந்து மிதந்தே அசோர்ஸ் தீவுகளின் லாஜெஸ் தளத்தை அடைந்தது. எஞ்சின் இல்லாததால் ஹைட்ராலிக் வலு குறைவு. முன்பலகைகள் மட்டும் விரிந்தன, ஃபிளாப் இல்லை. மணிக்கு சுமார் 370 கி.மீ. வேகத்தில் ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடந்து, ஒருமுறை மோதி எழும்பி, மீண்டும் தரையைத் தொட்டது. மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையில் முக்கால் பங்கு தாண்டி நின்றது. டயர்கள் தேய்ந்து சப்பையாகியிருந்தன. உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள்.

சாங்கியில் ஒரு முற்பகல்

2010 நவம்பர் 4. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவான்டாஸ் 32, ஏ380 ரக இரட்டை மாடி விமானம். பயணிகளும் ஊழியர்களுமாக 469 பேர். கிளம்பிய நாலு நிமிடத்தில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே, இடது இறக்கையின் உட்பக்க எஞ்சினில் ஒரு சுழல்தட்டு உடைந்து சிதறியது. எண்ணெய்க் குழாய் ஒன்றின் சுவர் தயாரிப்புப் பிழையால் மெலிந்துபோய் விரிசல் விட்டதே மூலகாரணம் என்று பிற்பாடு விசாரணை சொன்னது. சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்து, மின்கம்பிகளையும் ஹைட்ராலிக் குழாய்களையும் எரிபொருள் தொட்டிகளையும் கிழித்தன. முதல் ஒரு நிமிடத்தில் மட்டும் திரையில் 43 எச்சரிக்கைகள் வந்து நின்றன.

கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி உடனே திரும்பித் தரையிறங்க ஓடவில்லை. விமானி அறையில் அன்று மொத்தம் ஐந்து பேர். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்குக் கிழக்கே வட்டமடித்துக்கொண்டு, ஒவ்வோர் எச்சரிக்கையாக எடுத்துப் படித்துச் செய்து முடிக்க சுமார் 50 நிமிடம் ஆனது. பட்டியல் நீண்டுகொண்டே போனபோது கேப்டன் கேள்வியையே புரட்டிப் போட்டார்: என்னென்ன கெட்டுப்போயின என்று எண்ணுவதை விட்டு, என்னென்ன இன்னும் வேலை செய்கின்றன என்று பார்க்கத் தொடங்கினார்.

வேலை செய்யாதவற்றில் முன்பலகைகள் இருந்தன. ஃபிளாப் விரியும், முன் விளிம்பு விரியாது. பிரேக்கின் வலுவும் குறைந்திருந்தது. எரிபொருளைக் கொட்டித் தீர்க்க வழியில்லாததால் எடை, இறங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட எல்லையைவிட ஏறத்தாழ 50 டன் அதிகம். உந்துவிசையை எதிர்த்திசையில் திருப்பி வேகத்தைக் குறைக்க ஒரே ஓர் எஞ்சின்தான் மிச்சம். இத்தனையையும் கணினியில் ஏற்றித் தேவையான தூரத்தைக் கேட்டபோது முதலில் அது விடையே தரவில்லை. ஓடுபாதை ஈரமில்லை என்று திருத்திக் கேட்டதும் விடை வந்தது: 4,000 மீட்டர் ஓடுபாதையில் சுமார் 100 மீட்டர் மிஞ்சும்.

இறங்குமுன் கேப்டன் இன்னொன்று செய்தார். உயரத்தில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, ஃபிளாப்பைப் படிப்படியாக விரித்து, ஒவ்வொரு படியிலும் இடமும் வலமும் மெல்லச் சாய்த்துப் பார்த்தார். சேதமான இறக்கை தரையிறங்கும் வேகத்தில் சொன்னபடி கேட்குமா என்பதைத் தரைக்கு அருகே போய்த் தெரிந்துகொள்வதைவிட, விழுந்தாலும் மீள இடமிருக்கும் உயரத்தில் தெரிந்துகொள்வது நல்லது. சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டன. புறப்பட்டு ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து விமானம் தரையைத் தொட்டு, ஓடுபாதை முடிய சுமார் 150 மீட்டர் இருக்கும்போது நின்றது. பிரேக் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நான்கு டயர்கள், வடிவமைக்கப்பட்டபடியே, காற்றை விட்டுவிட்டன. இடது இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வீரர்கள் நுரையால் மூடினார்கள். கடைசியில் எல்லோரும் படிக்கட்டு வழியாக இறங்கினார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை.

பொறுமைக்கும் ஓர் எல்லை

காத்திருந்து கணக்குப்போடுவது எப்போதும் சரியான விடையாகிவிடாது. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகருக்கு மேலே ஒரு யுனைடெட் விமானம் சக்கரக் கோளாறு ஒன்றை ஆராய்ந்தபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமடித்தது. பயணிகளைத் தயார்செய்வதில் கேப்டன் மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைகிறது என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. கடைசியில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்று, விமானம் நகரின் புறநகரில் விழுந்தது. 189 பேரில் பத்துப் பேர் இறந்தார்கள். விமானி அறையில் இளையவர் மூத்தவரிடம் எப்படிப் பேச வேண்டும், மூத்தவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதையே ஒரு பாடமாகக் கற்பிக்கும் வழக்கம் இந்த விபத்துக்குப் பிறகுதான் வேரூன்றியது. ஃபிளாப் கோளாறிலும் இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். விரிந்த நிலையில் சிக்கிய ஃபிளாப்போடு வேறு ஊருக்குப் பறந்தால் காற்றின் எதிர்ப்பால் எரிபொருள் வழக்கத்தைவிட வெகுவேகமாகத் தீரும். உயரமாக ஏறவும் முடியாது.

சில சமயம் அட்டவணைக்கே நேரம் இருப்பதில்லை. 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 777 லண்டன் ஹீத்ரோவை நெருங்கும்போது, எரிபொருள் பாதையில் பனிக்கட்டி அடைத்து அதன் இரண்டு எஞ்சினும் வலுவிழந்தன. ஓடுபாதையை எட்ட முடியாது என்று தெரிந்தபோது, கேப்டன் பீட்டர் பர்கில் 30இல் இருந்த ஃபிளாப்பை 25க்கு மடக்கினார். காற்றின் எதிர்ப்பு சற்றே குறைந்தது. அந்த ஒரு படி, விமானத்தை ஏறத்தாழ 50 மீட்டர் கூடுதலாகக் கொண்டுபோய், வழியில் நின்ற வழிகாட்டி ஆன்டெனாக்களைத் தாண்டிப் புல்தரையில் இறக்கியது என்று விசாரணை அறிக்கை கணித்தது. 152 பேரும் பிழைத்தார்கள். ஃபிளாப் எதற்கு இருக்கிறது என்பதை ஆழமாக அறிந்த ஒருவரால்தான் அதை எப்போது விட்டுக்கொடுக்கலாம் என்றும் சில நொடிகளில் சொல்ல முடியும்.

விமானிகளின் கதையோடு இது முடிந்துவிடுவதில்லை. 2007 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் நாஹாவில் சைனா ஏர்லைன்ஸின் 737-800 ஒன்று வழக்கம்போல் தரையிறங்கி, முன்பலகைகளை மடக்கிக்கொண்டு நிறுத்துமிடம் வந்து சேர்ந்தது. சில வாரங்களுக்கு முன் நடந்த பராமரிப்பின்போது முன்பலகையின் பொருத்து ஒன்றில் ஒரு வாஷர் விடுபட்டிருந்தது. பிடிப்பில்லாத போல்ட் கழன்று விழுந்தது. மடங்கிய பலகை அதை எரிபொருள் தொட்டிச் சுவரில் அழுத்தித் துளைத்தது. கசிந்த எரிபொருள் பற்றிக்கொண்டது. விமானம் முழுதாக எரிந்துபோனது. அதிலிருந்த 165 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். சில நாட்களிலேயே உலகெங்கும் அந்த வகை விமானங்களின் அதே போல்ட்டைச் சோதிக்க அவசர உத்தரவு பிறந்தது.

இறக்கைக்குள் குனிந்து வாஷரைத் தொட்டுப் பார்க்கும் மெக்கானிக், இடமும் வலமும் ஒப்பிட்டுப் பூட்டிவிடும் உணரி, அட்டவணையை உரக்கப் படிக்கும் துணை விமானி, எரிபொருளை நினைவூட்டத் தயங்காத குரல் என்று இது ஒரு நீண்ட சங்கிலி. ‘தொழில்நுட்பக் காரணத்தால் சிறிது நேரம் வட்டமடிக்கப் போகிறோம்’ என்ற அறிவிப்பு வரும்போது, அந்தச் சங்கிலி முழுவதும் வேலையில் இருக்கிறது என்று பொருள். பயணிக்கும் அதில் ஒரு கண்ணி உண்டு. பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், ஊழியர் சொல்வதைக் கேளுங்கள். வெளியேறச் சொன்னால், மேலே இருக்கும் பையைத் தொடாமல் இறங்குங்கள். உங்கள் பின்னால் நிற்பவருக்கு அந்தப் பத்து நொடி தேவைப்படும்.